சின்னத் தீவுக்குக் கணக்கு எளிது என்று எண்ண வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அண்மையில் ஒரு காலை தேக்கா நிலையத்தில் பசியாறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பெரியவர்கள் பசிபிக், கரீபியன் தீவுகளின் கடன் தொல்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "பத்தாயிரம் பேர் இருக்கிற ஊரு, அதுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாதா? நம்ம பேட்டையில அதைவிடக் கூட ஆள் இருக்கே" என்று ஒருவர் சொல்ல, மற்றவரும் தலையாட்டினார். அவர்கள் யாரையும் இழிவாகப் பேசவில்லை. ஆனாலும் 34 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்துவிட்டது. சிறிய இடத்தில் பொதுப்பணத்துக்குக் கணக்கு வைப்பது பெரிய நாட்டில் வைப்பதைவிடக் கடினமான வேலை. அதை விளக்கவும், அத்தீவுகளில் நடந்துவரும் நிதி நிர்வாகச் சீர்திருத்தத்தை நாம் ஏன் அக்கறையோடு கவனிக்க வேண்டும் என்று சொல்லவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சிறிய இடத்தில் கணக்கு எப்படித் தடம் புரளும் என்பதை நான் கற்றுக்கொண்டது இங்கே, சிங்கப்பூரில், நான் பொருளாளராக இருந்த ஒரு சங்கத்தில்தான். சங்கத்தின் பெயர் வேண்டாம். அதில் இருந்தவர்கள் அனைவரும் நல்லவர்கள், ஒருவர்கூடச் சங்கத்தின் காசைத் தொட்டவரில்லை. எனக்கு முன் பொறுப்பில் இருந்தவர் ரசீதுகளை ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். அந்த டின்னையும் காசோலைப் புத்தகத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார். அந்த ஆண்டு விழாவுக்கு மண்டபத்தைச் செயலாளர் தொலைபேசியிலேயே பேசி முடித்தார். சாப்பாட்டுக்குத் துணைத்தலைவர் சொல்லிவைத்தார். மாலை, பொன்னாடை, ஒலிபெருக்கி, பேருந்து என்று மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றாக ஏற்பாடு செய்தார்கள். வங்கியில் 6,000 வெள்ளிக்குச் சற்று மேல் இருந்தது. செயற்குழுக் கூட்டத்தில் நான் அந்தத் தொகையை வாசித்தேன்; எல்லாரும் மகிழ்ந்து, பிள்ளைகளுக்குப் பரிசு வாங்க மேலும் 1,500 வெள்ளிக்கு அன்றே ஒப்புதல் கொடுத்தார்கள். விழா முடிந்து மூன்று மாதத்துக்குள் பில்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கூட்டிப் பார்த்தபோது 9,400 வெள்ளி நின்றது.

நான் கூட்டத்தில் வாசித்த தொகையில் பிழை ஏதும் இல்லை. வங்கியில் அன்று இருந்தது அவ்வளவுதான். வாயால் சொல்லிவைத்த செலவுகள் மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்களே, எங்கள் நிலைமை அப்படி ஆயிற்று. ஒரு பொருளுக்கு ஆர்டர் கொடுத்த அன்றே, பில் வரும்வரை காத்திராமல், அந்தத் தொகையை ஒதுக்கீட்டிலிருந்து கழித்து எழுதிவிட வேண்டும் என்பது பொதுநிதி நிர்வாகத்தின் முதல் பாடங்களில் ஒன்று. கடப்பாட்டுக் கட்டுப்பாடு என்று அதைச் சொல்வோம். அலுவலகத்தில் தினமும் நான் செய்துவந்த வேலைதான் அது, ஆனாலும் சங்கத்துக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு சிராங்கூன் சாலையில் கார்பன் தாள் வைத்து எழுதும் இரட்டைப் பிரதிப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அந்தப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்காத எந்த ஆர்டருக்கும் சங்கம் பணம் தராது என்று தீர்மானம் நிறைவேற்றினோம்.

புத்தகம் வாங்குவது எளிதாக முடிந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரிடம், "அண்ணே, சாமான் வாங்குன ரசீது இருக்கா?" என்று கேட்டேன். "ஏம்மா, உங்கப்பா காலத்துலேருந்து இந்தச் சங்கத்துல இருக்கேன், எங்கிட்டயே ரசீது கேக்குறியா?" என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. அவருடைய முகம் வாடிவிட்டது. அவருடைய மகள் திருமணத்தில் வாசலில் நின்று வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தவள் நான். அடுத்த கூட்டத்தில் தலைவரே தம்முடைய 38 வெள்ளி டாக்சிக் கட்டணத்துக்கான ரசீதை எல்லாருக்கும் முன்னால் எடுத்து நீட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் தம் சட்டைப்பையைத் துழாவினார்.

எங்கள் சங்கத்தில் இருந்தவர்கள் 140 பேர். 4,000 பேரோ 10,000 பேரோ வாழும் தீவில் நிலைமை இதைவிடச் சிக்கலாகத்தான் இருக்கும். கருவூலத்தில் காசோலை எழுதும் பெண் அமைச்சருக்கு மைத்துனியாக இருப்பார். சாலை போடும் ஏலக்குத்தகைக்கு விண்ணப்பிக்கும் ஒரே நிறுவனம் தணிக்கையாளரின் சித்தப்பாவுடையதாக இருக்கும். இதில் சதி எதுவும் இருக்க வேண்டியதில்லை, ஊரில் வேறு ஆளே கிடையாது. பெரிய நாட்டில் முகம் தெரியாத ஓர் அதிகாரி விதியைச் சுட்டிக்காட்டிக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். தீவில் கோப்பைத் திருப்பி அனுப்பியவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அதே ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். 'நம் பேட்டையைவிடச் சிறிய ஊர்' என்று சொல்பவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கு கைமீறிப் போனால் ஒரு தீவு எதையெல்லாம் இழக்க நேரும் என்பதற்கு டர்க்ஸ், கைக்கோஸ் தீவுகளின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. கரீபியன் வட்டாரத்தில் இருக்கும் இத்தீவுகள் பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளில் ஒன்று. அங்கே வருமான வரி கிடையாது. இறக்குமதித் தீர்வை, நிலம் கைமாறும்போது பெறும் முத்திரைத் தீர்வை, சுற்றுப்பயணிகளிடம் வசூலிக்கும் வரி ஆகியவற்றையே அரசு பெரிதும் நம்பியிருக்கிறது. அங்கே புழங்குவது அமெரிக்க டாலர் என்பதால், முடை வந்தால் சமாளிக்கச் சொந்த நாணயமும் இல்லை. 2000களின் நடுவில் ஹோட்டல்கள் எழும்பி நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்தபோது அரசு நிலங்கள் கைமாறின, செலவும் தாராளமாக நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சர் ராபின் ஆல்ட் 2008இல் விசாரணை ஆணையராக நியமிக்கப்பட்டார். அரசிலும் சட்டமன்றத்திலும் அதிகாரிகளிடையிலும் ஊழல் அமைப்பு முழுதும் பரவியிருக்கக்கூடிய வாய்ப்பு மிக அதிகம் என்று அவர் கூறினார். முதல்வர் 2009 மார்ச்சில் பதவி விலகினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி பிரிட்டன் அரசமைப்பின் பகுதிகளை நிறுத்திவைத்து ஆட்சியை ஆளுநர் கையில் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அத்தீவு மக்களுக்குத் தாங்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் என்று ஒன்று இல்லை.

ஊழலைப் பற்றித்தான் உலகம் அதிகம் பேசியது, அதில் தவறில்லை. கணக்கு எழுதிப் பழகிய என் கண் கருவூலத்தின் நிலையில் போய் நிற்கிறது. பணம் வறண்டு, கொடுக்க வேண்டிய நிலுவைகள் குவிந்திருந்த அரசைத்தான் ஆளுநர் ஏற்றுக்கொண்டார். அரசின் ஒவ்வொரு செலவுக்கும் கடிவாளம் போடும் அதிகாரத்தோடு தலைமை நிதி அதிகாரி ஒருவரைப் பிரிட்டன் அனுப்ப வேண்டியதாயிற்று. 260 மில்லியன் அமெரிக்க டாலர் கடனுக்கு 2011இல் உத்தரவாதமும் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அங்கு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 31,000 பேர்தான். பிறந்த குழந்தையையும் சேர்த்துக் கணக்கிட்டால் தலைக்கு 8,000 டாலருக்கு மேல் வருகிறது. ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாழும் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் தலையில் ஒரே நாளில் 32,000 டாலருக்கு மேல் கடன் ஏறியது போலத்தான் அது. பொதுநிதிக்குப் புதுச் சட்டம் வந்தது, அரசு நிலத்தை விற்பதற்குப் புது விதிகள் வந்தன. பற்றாக்குறையை ஒழிக்க 2013 மார்ச் என்று கெடு குறித்தார்கள். 2012 நவம்பரில் தேர்தல் நடந்தது.

அந்தச் சீர்திருத்தத்தில் ஒன்று மட்டும் ஒட்டவில்லை. மதிப்புக் கூட்டு வரியை 2013 ஏப்ரலில் தொடங்குவதாக இடைக்கால நிர்வாகம் சட்டமே இயற்றி வைத்திருந்தது; வணிகர்களும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசும் சேர்ந்து எதிர்த்ததால் தொடங்குவதற்கு முன்பே அதைக் கைவிட்டார்கள். இறக்குமதித் தீர்வையை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து என்ற நிபுணர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மக்களுக்குச் சட்டமன்றமே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட வரி அது. நம் நாட்டில் பொருள் சேவை வரி 1994இல் 3 விழுக்காட்டில் தொடங்கியபோதும் முணுமுணுப்பு இருந்தது. என் அம்மா மளிகைக் கடைக்காரரோடு வாதாடியதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு முன் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது, வருமான வரியும் குறைக்கப்பட்டது, நாங்கள் தேர்ந்தெடுத்தவர்களிடமே போய்க் குறை சொல்ல முடிந்தது. எனவே சீர்திருத்தத்தை எந்த மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பதற்கும் கணக்கில் இடம் உண்டு என்று நான் கருதுகிறேன்.

இனி, ஆள் பற்றாக்குறை. சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டம் 1992இல் தொடங்கியது முதல் எத்தனையோ வளரும் நாடுகளின் அதிகாரிகள் இங்கு பயிற்சிக்கு வந்து போகிறார்கள். நான் வேலையில் இருந்தபோது அப்படி வந்த ஒரு சிறு குழுவுக்குப் பணம் செலுத்தும் முறையைக் காட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. பொருள் கேட்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர், பொருள் வந்ததா என்று பார்ப்பவர் ஒருவர், பணம் அனுப்புபவர் ஒருவர் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். நான்காவது விரலில் நிறுத்திவிட்டு, தம் கருவூலத்தில் மொத்தமே மூன்று பேர்தான் என்றார். தாம் பிரசவ விடுப்பில் போனபோது ஐந்து மாதம் வங்கிக் கணக்கு ஒப்பிடப்படாமலே கிடந்ததாகவும், வெளிநாட்டு உதவியில் வந்த கணக்கு மென்பொருளை இயக்கத் தெரிந்த ஒரே இளைஞர் குடும்பத்தோடு ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டதாகவும் சொன்னார். அவர் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அன்று மாலை வீட்டுக்குப் போகும் ரயிலில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

குக் தீவுகள், நியுவே, டோக்கலாவ் ஆகியவற்றின் மக்கள் நியூசிலாந்துக் குடியுரிமை உடையவர்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தியைக் கணக்கியல் படிக்கவைத்து, பயிற்சி கொடுத்து, நாற்காலியில் உட்கார வைத்தால், அடுத்த ஆண்டே அவளுக்கு இருமடங்குச் சம்பளத்தில் வேறிடத்தில் வேலை காத்திருக்கிறது. அவள் போவதைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமையில்லை. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் அப்படித்தான் கடல் கடந்து வந்தார்கள். ஆனால் அவளோடு சேர்ந்து ஒரு நாட்டின் கணக்கும் விமானம் ஏறிப் போய்விடக் கூடாது.

பொதுநிதி நிர்வாகத்தை மதிப்பிட பெஃபா என்று அழைக்கப்படும் அனைத்துலக முறை ஒன்று இருக்கிறது. 2005இல் வெளிவந்து 2016இல் விரிவாகத் திருத்தப்பட்ட அந்த முறையில் 31 அளவுகோல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 'ஏ' முதல் 'டி' வரை மதிப்பெண். வரவுசெலவுத் திட்டம் நம்பத்தகுந்ததா, நிலுவை எவ்வளவு, தணிக்கை அறிக்கை எப்போது சட்டமன்றத்துக்குப் போகிறது என்று அது கேட்பவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. எனினும் மூன்று பேர் கொண்ட கருவூலத்தில் 31 அளவுகோல்களுக்கும் அதே மூன்று பேர்தான் விடை எழுத வேண்டும். மதிப்பெண் உயர வேண்டும் என்பதற்காகப் புதிய சட்டம், புதிய கையேடு, புதிய மென்பொருள் என்று வாங்கிக் குவிப்பதும், வங்கிக் கணக்கை மாதந்தோறும் ஒப்பிடும் வேலை பின்தங்குவதும் அதனால்தான். முதலில் அந்த ஒப்பீடு நடக்கட்டும் என்பேன். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் வங்கி சொல்லும் இருப்பும் புத்தகம் சொல்லும் இருப்பும் ஒரே தாளில் வந்து, வேறுபாட்டுக்குக் காரணமும் எழுதப்பட்டிருந்தால், மற்றச் சீர்திருத்தங்களுக்குக் கால் ஊன்ற ஓர் இடம் கிடைக்கும்.

உறவு நெருக்கத்துக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் சேர்த்தே மருந்து தேடிய ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கிரிபட்டி, நவூரு, துவாலு ஆகிய மூன்று நாடுகளின் தணிக்கை அலுவலகங்களும் தங்கள் ஊழியர்களை ஒரே குழுவாகச் சேர்த்து, ஒரு நாட்டின் கணக்கைத் தணிக்கை செய்ய மற்ற நாட்டவரும் உடன் போகும்படி பசிபிக் தணிக்கை நிறுவனங்களின் சங்கம் வழிசெய்தது. துவாலுவிலிருந்து வந்த தணிக்கையாளருக்கு நவூருவில் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. "அண்ணே, ரசீது" என்று கேட்க அவருக்கு நா எழும்.

நவூருவைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. 21 சதுர கிலோமீட்டர் நிலம். 1968இல் விடுதலை பெற்றபோது மண்ணுக்கடியில் பாஸ்பேட் கொட்டிக்கிடந்தது. 1970களில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் இருந்த நாடு அது. பாஸ்பேட் ஒருநாள் தீர்ந்துபோகும் என்பதை அறிந்து அறக்கட்டளை நிதியும் வைத்திருந்தார்கள், ஆகவே அவர்களுக்கு முன்யோசனை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நிதி மெல்பர்னில் 52 மாடிக் கட்டடமாக 1977இல் எழுந்து நின்றது. எவ்வளவு எடுக்கலாம், யார் தடுக்கலாம், கணக்கை எப்போது மக்களுக்குக் காட்ட வேண்டும் என்பவற்றில் பிடி தளர்ந்திருந்தது. தவறான முதலீடுகளும் கடன்மேல் கடனும் சேர்ந்து, 2004இல் அந்தக் கட்டடம் கைவிட்டுப் போயிற்று. 2005 டிசம்பரில் தேசிய விமான நிறுவனத்திடம் எஞ்சியிருந்த ஒரே விமானத்தையும் கடன் கொடுத்தவர்கள் பறிமுதல் செய்தார்கள். தீவின் வங்கி நொடித்துப்போய், ஆஸ்திரேலிய வங்கி ஒன்றின் முகவர் நிலையம் 2015இல் திறக்கும்வரை பல ஆண்டுகள் மக்களுக்கு வங்கியே இல்லை. அதே 2015இல் நவூரு மீண்டும் ஒரு நிதியைத் தொடங்கியிருக்கிறது. இம்முறை அதைத் தொடங்க ஆஸ்திரேலியா, தைவான், ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவையும் பங்களித்தன. விழுந்த இடத்திலிருந்தே எழுந்த அந்த மக்களை நான் மதிக்கிறேன்.

துவாலு பணக்கார நாடாக என்றுமே இருந்ததில்லை. ஒன்பது பவளத் தீவுகள், மொத்தம் 26 சதுர கிலோமீட்டர். அங்கே 1987இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவற்றின் உதவியோடு ஏறத்தாழ 27 மில்லியன் ஆஸ்திரேலிய டாலரில் ஓர் அறக்கட்டளை நிதியைத் தொடங்கினார்கள். முதல் கணக்கில் இருக்கும் மூலதனம் விலைவாசிக்கு ஏற்ப உயர்ந்துகொண்டே வர வேண்டும்; அதன் உண்மை மதிப்புக்கு மேல் ஈட்டியது மட்டுமே இரண்டாம் கணக்குக்கு மாறும்; அரசு எடுத்துச் செலவிடுவது அந்த இரண்டாம் கணக்கிலிருந்துதான். ஈட்டம் இல்லாத ஆண்டில் பங்கீடும் இல்லை. இதை நிர்வகிக்கும் குழுவில் உதவிய நாடுகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத்தான் ஒரு நாடு ஒப்பந்தமாக எழுதி வைத்துக்கொண்டது. வாக்காளர்கள் வந்து கேட்கும்போது, கொடுக்க மனமில்லை என்று சொல்ல வேண்டிய சங்கடம் அங்கே அமைச்சருக்கு இல்லை. ஒப்பந்தம் இடம் தரவில்லை என்று அவர் சொல்லலாம். நெருங்கிய உறவுகளுக்குள் வாழ்பவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய துணை என்பது சங்கத்தில் பொருளாளராக இருந்தவர்களுக்குப் புரியும்.

நம் நாட்டுக்கு வருகிறேன். நாமும் ஒரு காலத்தில் எங்கோ தொலைவில் கணக்கு முடிவான தீவுதான். 1867 ஏப்ரல் 1ஆம் தேதி பிரிட்டிஷ் அரசின் நேரடிக் குடியேற்ற நாடாக ஆகும்வரை நம் வரவுசெலவு கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷ் இந்திய அரசின் கையில் இருந்தது. டாலரில் வாணிகம் செய்துவந்த இந்தத் தீவில் இந்திய நாணயத்தைப் புகுத்த 1850களில் முயன்றபோது இங்கிருந்த வணிகர்கள் கொதித்தெழுந்தார்கள். 1959இல் தன்னாட்சி வந்தபோது 14 மில்லியன் வெள்ளி பற்றாக்குறை காத்திருந்தது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ அரசு ஊழியர்களின் படியையே வெட்டிச் செலவை இறுக்கி, அந்த ஆண்டைச் சிறு உபரியோடு முடித்தார். அந்த வெட்டு ஊழியர் குடும்பங்களுக்கு வலித்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இன்று நம்மிடம் இருக்கும் ஏற்பாடு ஒரே நாளில் முழுமையாக வந்ததன்று. முந்தைய அரசுகள் சேர்த்துவைத்த நிதியிருப்பை நடப்பு அரசு தனியாகத் தொட முடியாது, அதிபரின் ஒப்புதல் வேண்டும் என்பதற்காக 1991இல் அரசமைப்பு திருத்தப்பட்டது. ஆனால் அந்த இருப்பில் என்னென்ன அடங்கும் என்ற பட்டியல் அப்போது கையில் இல்லை. அரசின் நிலங்களையும் கட்டடங்களையும் மதிப்பிட்டுப் பட்டியலிட 50க்கும் மேற்பட்ட ஆள்-ஆண்டுகள் (ஒருவர் ஓராண்டு செய்யும் வேலை ஓர் ஆள்-ஆண்டு) பிடிக்கும் என்று தம்மிடம் சொல்லப்பட்டதாக அதிபர் ஓங் டெங் சியோங் 1999இல் வெளிப்படையாகவே கூறினார். கணக்குத் துறையில் பேர்பெற்ற சிங்கப்பூருக்கே சொத்துப் பட்டியல் இவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது. மூன்று பேர் கொண்ட கருவூலத்தைப் பார்த்துக் கைகொட்டும் தகுதி நம்மில் யாருக்கும் இல்லை.

நிதியிருப்பைத் திறக்க அதிபரிடம் இருக்கும் அந்த ஒப்புதல் என்னும் இரண்டாவது சாவி முதன்முதலாகத் திரும்பியது 2009இல். உலகப் பொருளியல் நெருக்கடியின்போது வேலைகளையும் நிறுவனங்களுக்கான கடனையும் காக்க 4.9 பில்லியன் வெள்ளியை எடுக்க அரசு கேட்டது. அதிபர் எஸ் ஆர் நாதன் கணக்கைக் கேட்டுப் பார்த்து ஒப்புதல் தந்தார். எடுத்துச் செலவிட்ட 4 பில்லியனையும் 2011இல் அரசு திரும்ப வைத்துவிட்டது. திரும்ப வைக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆகவேதான் அச்செயலை நான் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறேன். 2020இல் கொவிட் வந்து, அதிபர் ஹலிமா யாக்கோப் 52 பில்லியன் வெள்ளி வரை எடுக்க ஒப்புதல் தந்தபோது, என் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த சிறு கடைகளும் அந்தப் பணத்தில்தான் மூச்சுவிட்டன. அவ்வளவு பெரிய தொகை தேவைப்பட்ட நேரத்தில் எடுப்பதற்கு அங்கே இருந்தது என்றால், பல ஆண்டுகள் யாரோ ஒரு கணக்காளர் மாதந்தோறும் அலுப்பில்லாமல் புத்தகத்தை ஒப்பிட்டு வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இதையெல்லாம் எழுதியது இரண்டு வேண்டுகோள்களை வைக்கத்தான்.

முதலாவது, தீவு நாட்டு அதிகாரிகளுக்கு நாம் அளிக்கும் பயிற்சியைப் பற்றியது. வகுப்பில் உட்கார வைத்து நம் முறையைக் காட்டி அனுப்புவதால் பயன் உண்டு, அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். அதோடு, அந்த அம்மையாரைப் போன்ற ஒருவர் விடுப்பு எடுக்கும்போது அவருடைய நாற்காலியில் மூன்று மாதமோ ஆறு மாதமோ உட்கார்ந்து கணக்கு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ள நம் நாட்டு ஓய்வுபெற்ற கணக்காளர்களை அனுப்பும் வழி ஒன்றைத் தொடர்புடைய அமைப்புகள் ஏற்படுத்த வேண்டும். வெளிநாட்டு நிபுணர்கள் போகும்போது புதிய முறையோடு போகிறார்கள். அந்த நாற்காலிக்குப் போகிறவர் அங்கிருக்கும் முறையையே ஒழுங்காக நடத்திவிட்டு, விடுப்பு முடிந்து வருபவரிடம் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டு வந்தால் போதும். எனக்கு வயது 66, உடம்பும் ஒத்துழைக்கிறது. கூப்பிட்டால் நானே போவேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் இன்னும் நான்கைந்து பேர் வருவார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

இரண்டாவது வேண்டுகோள் தங்களிடம். தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை ஆண்டுதோறும் ஜூலை வாக்கில் வெளிவருகிறது. எந்த அமைப்பில் கட்டணம் இருமுறை செலுத்தப்பட்டது, எங்கே ஒப்புதல் பின்தேதியிட்டு எழுதப்பட்டது என்பதுபோன்ற நுணுக்கங்கள் அதில் இருக்கின்றன. எல்லாரும் படிக்க வேண்டிய அந்த அறிக்கை நம் வீடுகளில் பேச்சுக்கே வருவதில்லை. சொற்கள் மிரட்டுவதும் அதற்கு ஒரு காரணம். அறிக்கை வரும் வாரத்தில், செய்தியோடு சேர்த்து, அதன் முக்கியமான பகுதிகளை வீட்டுக் கணக்கு எழுதும் ஒருவருக்குப் புரியும் தமிழில் விளக்கும் பக்கம் ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். தமிழ்ச் சங்கங்களின் பொருளாளர்களுக்கும் அது உதவும். அவர்களில் பலர் இன்றும் ஒரு டின்னையும் காசோலைப் புத்தகத்தையும் பெற்றுக்கொண்டுதான் பொறுப்புக்கு வருகிறார்கள்.

அந்தப் பக்கத்துக்குத் தேவைப்படும் சொற்களைப் பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கடப்பாடு, நிலுவை, துணை ஒதுக்கீடு, உள்தணிக்கை, சொத்துப் பதிவேடு என்று இதுவரை 43 சொற்கள் சேர்ந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குடும்பத்திலிருந்தோ சங்கத்திலிருந்தோ எடுத்துக்காட்டு எழுதியிருக்கிறேன். தங்கள் அலுவலகத்தில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி ஒருவர்,
ஈசூன்.